தொப்பி போட்ட சூரியன்

சூரியனுக்குத் தொப்பி போட்டவர் சூசைரட்ணம் மாஸ்டர்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாமா என்று அவர் பின்னாளில் எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். கல்லுமலைத் தோட்டத்தில் தலைகளுக்குப் பஞ்சமில்லை. பழி மட்டும் ஒன்றிலும் நிற்காமல் திரும்பத் திரும்ப அவரிடமே வந்தது.

பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிறது கல்லுமலை. விடிகாலையில் தொழிலாளர்கள் வரிசையாக நின்று அன்றைய வேலையைக் கேட்டுக்கொண்டு போகிற பெரட்டுக்களம், அதை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குப் பள்ளிக்கூடம் என்று பெயர். ஐந்து வகுப்புக்கும் அறை ஒன்று, வாத்தியார் ஒருவர். பெரியவர்களின் வரிசை கலைந்ததும் பிள்ளைகளின் வரிசை தொடங்கும். நாளைக்கு அங்கே நிற்கப் போகிறவர்கள் இன்றைக்கே இங்கே நின்று பழகட்டும் என்பதுதான் நிர்வாகத்தின் கல்விக் கொள்கை. அதைக் குறை சொல்ல முடியாது, நன்றாகவே நின்றார்கள்.

1957ஆம் ஆண்டுக் கடைசியில் ருஷ்யாக்காரர்கள் வானத்தில் ஓர் உருண்டையைச் சுற்றவிட்டார்கள். தேயிலை ஆலையைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா வீட்டு ரேடியோ அதைச் சொன்ன மறுநாள், நாலாம் வகுப்பில் சண்முகவடிவு எழுந்து நின்றாள். கொழுந்து எடுக்கிற மீனம்மாவின் மூத்த மகள். கேள்வி கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"சார், அந்த உருண்டை எதைப் புடிச்சுக்கிட்டுச் சுத்துது? உழுந்துறாதா?"

மாஸ்டரிடம் பதில் இருந்தது, புத்தகம் இல்லை. வானத்தையே காட்டிவிடலாம் என்றால் கல்லுமலையில் வானம் தென்படுவதே அபூர்வம். மழை விட்டால் மூடுபனி, மூடுபனி விலகினால் மழை. ஆனால் அவருக்குப் பாட்டுக் கட்ட வரும், படம் எழுத வரும். கிறிஸ்மஸ் வந்தால் மாதா கோயில் குடிலுக்கு வானம் எழுதிக் கொடுப்பவர் அவர்தான். ஒரு கிரகத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு பாட்டு. தேயிலைப் பெட்டி அடிக்கிற பலகையில் எழுதி, பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை வெட்டி நட்சத்திரம் பதிக்கலாம் என்று திட்டம் போட்டார்.

திட்டம் நல்ல திட்டம். பலகைக்குத்தான் தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரப் பெரிய துரையின் உத்தரவு வேண்டும். அந்தத் தோட்டத்தில் துரை உத்தரவில்லாமல் உதிப்பது சூரியன் ஒன்றுதான்.

அப்போதுதான் மாஸ்டருக்கு அந்த யோசனை வந்தது. நடுவில் ஒருவர் இருக்கிறார், எல்லாரும் அவரைச் சுற்றுகிறார்கள், எல்லாருக்கும் வெளிச்சம் அவரிடமிருந்து வருகிறது. யாருக்கும் வரக்கூடிய யோசனைதான். வந்ததும் வெட்கப்பட்டிருக்க வேண்டும். மாஸ்டர் சந்தோஷப்பட்டார். சூரியனுக்கு ஒரு சோலாத் தொப்பியும் செம்பட்டை மீசையும் வைத்து, கீழே எழுதினார்:

சூரியத் துரையோ நடுவில் இருப்பார்
சுற்றிச் சுற்றி நாம் வருவோம்
பகலில் அவர்க்கு முகத்தைக் காட்டிப்
பாட்டும் பாடி வேலை செய்வோம்
இரவில் கொஞ்சம் முதுகைக் காட்டி
இழுத்துப் போர்த்தித் தூங்கிடுவோம்.

துரை படத்தைப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். "நல்லா இருக்கு மாஸ்டர். பலகை எடு, மை எடு" என்றார். ஒரு தொப்பிக்கு இத்தனை பலகையா என்று மாஸ்டருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிள்ளைகளுக்காகத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் அதன் பிறகு அவரிடம் ஓயாமல் வேலை செய்தது.

முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் போயின. மூன்றாவது பலகையில் பூமி இருந்தது. பூமியில் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயம் இருந்தது, அடுப்புப் புகை இருந்தது, கூடை சுமந்த பெண்கள் இருந்தார்கள். 'ஒன்பது வீட்டில் ஆள் உள்ள வீடு ஒரே வீடு, நம் வீடு' என்று அதன் பாட்டு முடியும். பெரட்டுக்களம் காலியானதும் வடிவு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அங்கே போவாள். நடுவில் ஒருவனை நிறுத்திவிட்டு மற்றவர்கள் பாடிக்கொண்டே அவனைச் சுற்றுவார்கள். வடிவுதான் பூமி. தன்னைத்தானே சுற்றிக்கொண்டும் ஓடுவாள். அவளைச் சுற்றி ஓடுகிற நிலா அவளுடைய தங்கச்சி ராக்காயி. நிலா அடிக்கடி தலை சுற்றி விழும். பூமி நின்று தூக்கிவிட்டுப் போகும்.

கெட்ட காலம் பரிசளிப்பு விழா உருவத்தில் வந்தது. பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற இன்ஸ்பெக்டர் தலைமையில் விழா நடக்கும், படங்களை மேடையில் வைக்க வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். மேடைக்குப் போகிற எதையும் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் அம்பலவாணர் பார்த்த பிறகுதான் கடவுளே பார்க்கலாம் என்பது தோட்டத்து வழக்கம். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பலகையிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மாஸ்டர் இது? துரைக்கு முதுகைக் காட்டச் சொல்லியோ பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறீர்?"

"ஐயா, அது ராத்திரி எப்புடி வருதுன்னு விளக்குறதுக்கு..."

"ராத்திரி எப்பிடியும் வரட்டும். துரை வாற வழியிலை குடையை மடக்கிப்போட்டு ஓரமாய் நிக்கிற சனம் இது. இண்டைக்குப் பாட்டிலை முதுகைக் காட்டினால் நாளைக்குப் பெரட்டிலையும் காட்டும். பிறகு ஆர் பொறுப்பு? நீரோ, நானோ?"

அன்று மத்தியானம் பூமி சுழல்வதை நிறுத்தியது. அதை நிறுத்த ஒரு கை சுண்ணாம்பு போதுமாக இருந்தது.

ஒரு வரிதானே என்று மாஸ்டர் நினைத்தார். அடுத்ததாக, கிரகங்கள் நிற்கிற வரிசை முறையில்லை என்று ஐயாமார் கூடிக் கண்டுபிடித்தார்கள். துரைக்கு யார் முதலில் மாலை போடுவது, யார் இரண்டாவது என்பதெல்லாம் தோட்டத்தில் எப்போதோ தீர்ந்துபோன விவகாரம். வானத்தில் மட்டும் ஏன் குழப்பம்? எனவே கிட்டக் கிரகமான புதன் பெரிய கிளாக்கருக்குப் போனது.

"புதன் ரொம்பச் சின்னதுங்க ஐயா."

"சின்னனெண்டால் பெருப்பியும்."

"துரைக்கு ரொம்பக் கிட்ட இருக்குறதால சூடு அதிகங்க."

"அந்தச் சூடு எனக்குத் தெரியாதோ? இவ்வளவு காலமும் அதுக்குள்ளைதானே நிக்கிறன்" என்றார் அம்பலவாணர். வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுவாக இருக்கலாம்.

டீமேக்கருக்குச் சனி என்றதும் கோபம் வந்தது. வளையத்தைக் காட்டியதும் கோபம் தணிந்தது. வளையத்தை மட்டும் கழற்றி, பதிலுக்குக் கேட்டு வாங்கிய வியாழனுக்குப் போட்டுக்கொண்டு சனியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெரிய கங்காணி செல்லசாமிக்கு நிலா கிடைத்தது. ஆனால் நிலாவின் வெளிச்சம் இரவல் என்று பாட்டில் இருந்ததை யாரோ அவரிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்று, "ஏன் வாத்தியாரே, என் வெளிச்சம் இரவலா? எங்க அப்பாரு காலத்துலேருந்து இந்தத் தலைப்பாவைக் கட்டுறோம்!" என்று கத்தினார். நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் வந்தது. கங்காணி துரையை மறைப்பதாவது என்று சூரிய கிரகணம் ரத்தானது. இப்படி ஆளுக்கு ஆள் இடம் பிடித்து முடிந்தபோது பூமி கடைசிப் பலகைக்குப் போயிருந்தது, லயம், புகை, கூடைக்காரிகள் எல்லாவற்றோடும்.

ஒத்திகையைப் பார்க்கத் துரையே வந்தார். நெடுநேரம் சூரியனைப் பார்த்தார்.

"மாஸ்டர், நான் ஏன் நடுவுலே சும்மா குந்தியிருக்கு? கொழும்பு கம்பெனி ஆள் பாத்தா என்னா சொல்லும்? துரை மலைக்குப் போறது இல்லே, பங்களாவுலே தூங்குதுன்னு சொல்லும்."

கிளாக்கர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்தார். தோட்டம் கொடுத்த வீடு, தோட்டம் கொடுக்கிற சம்பளம், வீட்டில் மனைவி பவுலினுக்கு எட்டாம் மாதம். மறுநாள் சூரியனுக்கு ஒரு புதுப் பாட்டும் ஒரு மோட்டார் சைக்கிளும் கிடைத்தன. அசையாமல் நிற்கிற கிரகங்களை அது சுற்றி வந்தது. உலகம் பல நூறு வருஷம் அடிதடிப்பட்டுக் கற்றுக்கொண்டதைக் கல்லுமலைத் தோட்டம் ஒரே மழைக்காலத்தில் மறந்துவிட்டது.

மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூண்டுலோயாவுக்கு இறங்கிப் போய்ப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழந்தாளிட்டார்.

"சாமி, பிள்ளைங்களுக்குப் பூமி சுத்தலன்னு சொல்லிக் கொடுத்துட்டேன்."

உள்ளே சாமியார் இருமினார். நெடுநேரம் இருமினார். "அந்த விஷயத்துல மட்டும் திருச்சபை வாயைத் தொறக்காம இருக்குறது நல்லதுப்பா. பழைய விவகாரம் ஒண்ணு இருக்கு. வேற ஏதாவது பாவம் இருந்தாச் சொல்லு" என்றார். வேறு பாவம் எதுவும் மாஸ்டருக்கு நினைவு வரவில்லை. மன்னிப்பு இல்லாமலே மலை ஏறினார்.

ஏறும்போது ஒரு வழி தோன்றியது. கோழையின் வழி என்று அவருக்கே தெரிந்ததால் அதை வேகமாகச் செய்து முடித்தார். மறுநாள் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளிடம் சொன்னார்: "ரெண்டு பாட்டையும் பாடமாக்கிக்கங்க. நாம மட்டும் இருக்கிறப்பப் பழைய பாட்டு. பெரியவங்க முன்னுக்குப் புதுப் பாட்டு. மாத்திப் பாடிட்டா சாருக்கு ஏச்சு விழும்."

வடிவு எழுந்தாள். "எது சார் நெசம்?"

"பழசுதான் நெசம்."

"அப்பப் புதுசு?"

"புதுசு மரியாத."

விழா நன்றாக நடந்தது. பிள்ளைகள் மரியாதையைப் பிழையில்லாமல் பாடினார்கள். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று கைதட்டிவிட்டுப் பேசினார்.

"வானம் என்பது மிகவும் உயரத்தில் இருப்பது. உயரத்தில் இருப்பதை அண்ணாந்து பார்க்க வேண்டுமே தவிர ஆராயக் கூடாது. இந்தப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடசாலை எதைக் கொடுத்திருக்கிறது? தங்கள் இடம் எது என்ற தெளிவைக் கொடுத்திருக்கிறது! நான் உத்தியோகத்தில் சேர்ந்த நாள் முதல் எந்தப் பாடசாலையிலும் ஒரு குறையைக் கண்டுபிடித்ததில்லை. அதனால்தான் என்னிடமும் யாரும் ஒரு குறையைக் கண்டுபிடித்ததில்லை. இதுவே கல்வி."

கைதட்டல் பெரட்டுக்களம் வரை கேட்டது. மாஸ்டருக்குத் துரை ஒரு பெட்டி பிஸ்கட் கொடுத்தார். அதை வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். சாப்பிட்டார்கள். மாஸ்டரும் சாப்பிட்டார்.

அடுத்த வருஷம் நுவரெலியாவில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெரிய பள்ளிக்கூடம் ஒன்று, தோட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்திக்குத் தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்து இலவசமாகப் படிக்கவைப்பதாக அறிவித்தது. வாய்ப் பரீட்சைதான். வடிவைத் தவிர வேறு யாரையும் மாஸ்டர் யோசிக்கவில்லை. மீனம்மா கூடையை இறக்கி வைக்காமலே வந்து நின்றாள்.

"இது தவறிப்போச்சுன்னா அவ பேரையும் பதிஞ்சுருவாங்க சார். அப்புறம் அவளும் நானும் ஒரே நெரையில கொழுந்து எடுக்க வேண்டியதுதான். நீங்கதான் கரையேத்தணும்."

"வடிவு தவற மாட்டா. நான் இருக்கேன்ல" என்றார் மாஸ்டர்.

தலவாக்கலையில் ரயில் ஏறினார்கள். நானுஓயா வரும்வரை வடிவு சன்னலோரம் உட்கார்ந்து பழைய பாட்டை மெதுவாகப் பாடிக்கொண்டே வந்தாள். ஒரு சொல் பிசகவில்லை. புதன், வெள்ளி, மூன்றாவதாக நம் வீடு. கேட்கக் கேட்க மாஸ்டருக்கு மனசு லேசானது. தான் செய்ததெல்லாம் இந்த ஒரு பிள்ளையில் கழுவப்பட்டுவிடும் என்று நம்பினார்.

பரீட்சை அறைக்குள் மேசைக்குப் பின்னால் தலைமைக் கன்னியாஸ்திரி இருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், கல்விப் பகுதியின் பிரதிநிதியாக, அதே இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். மாஸ்டரைக் கதவோரம் நிற்கச் சொன்னார்கள்.

வாசிப்பு முடிந்தது, கணக்கு முடிந்தது. கன்னியாஸ்திரிக்கு முகம் மலர்ந்தது. கடைசிக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பூமி சூரியனைச் சுற்றுகிறதா மகளே, சூரியன் பூமியைச் சுற்றுகிறதா?"

வடிவு வாயைத் திறந்தாள். அப்போது இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வடிவு அவரைப் பார்த்தாள். திரும்பிக் கதவோரம் நிற்கிற மாஸ்டரைப் பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்று பாடினாள்:

சூரியத் துரையோ சுற்றி வருவார்
மோட்டார் வண்டியில் சுற்றி வருவார்
அசையா திருந்து நாம் பார்ப்போம்
அவர்முகம் மட்டும் நாம் பார்ப்போம்
கிட்டக் கிரகம் கிளாக்கர் ஐயா
எட்டக் கிரகம் எங்கள் பூமி.

இன்ஸ்பெக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எழுந்து நின்று கைதட்டிய பாட்டு அது என்பது அவருக்கு நினைவில்லையா, நினைவிருந்ததால்தான் அப்படிச் சிரித்தாரா என்பது மாஸ்டருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

"ருஷ்யாக்காரன் வானத்தில் கோள் விடுகிற காலத்தில் இப்படியும் ஒரு அறியாமையா! என்ன மாஸ்டர், இதையா நீங்கள் படிப்பித்தீர்கள்?"

'ஆமாம்' என்றால் போதும். 'நீங்களும் கேட்டுக் கைதட்டினீர்கள் ஐயா' என்று சேர்த்தால் இன்னும் நல்லது. மாஸ்டருக்கு இரண்டு வாக்கியமும் நாக்கு நுனி வரை வந்தன. கூடவே வீடும் வந்தது, சம்பளமும் வந்தது, தொட்டிலில் கிடக்கிற குழந்தையும் வந்தது.

"இல்லீங்க சார். நான் படிச்சுக் கொடுத்தது வேற. இது லயத்துல யாராச்சும் சொல்லியிருப்பாங்க."

வேதத்தில், குருவைத் தெரியாது என்று சீடன் சொல்கிற இந்த இடத்தில் ஒரு சேவல் கூவும். நுவரெலியாக் குளிரில் சேவல்கூட வாயைத் திறக்கவில்லை. வடிவு மாஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்படி இல்ல" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கன்னியாஸ்திரி பெருமூச்சுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

திரும்புகிற ரயிலில் மாஸ்டர் முகத்தைச் சன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். வட்டகொடை தாண்டுவதற்குள் கண் நிறைந்துவிட்டது. வடிவு அதைப் பார்த்துவிட்டு அவருடைய கோட்டுக் கையைத் தொட்டாள்.

"அழுவாதீங்க சார். எனக்கு நெசப் பாட்டு மறக்கல. அந்த இன்ஸ்பெக்டரு ஐயா குந்தியிருந்தாரா, பழசைப் பாடுனா உங்களுக்கு ஏசுவாங்களேன்னுதான் மத்ததைப் பாடுனேன்."

கொஞ்ச நேரம் கழித்து, குற்றம் சொல்கிற குரலில் அல்ல, சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள்: "நான் சரியாத்தானே சார் செஞ்சேன்?"

மாஸ்டர் தலையை ஆட்டினார். ஆம் என்றா இல்லை என்றா என்பது அவருக்கே தெரியாது. மீனம்மாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, "பிள்ளை பயந்துட்டா" என்று சொன்னார். மீனம்மா மகளை ஏசினாள். வடிவு அதையும் வாங்கிக்கொண்டாள். சில மாதத்தில் அவள் பேரைப் பதிந்தார்கள். விடிகாலைப் பெரட்டில், பள்ளிக்கூடத்துச் சன்னலுக்கு நேராக, கடைசி வரிசையில் அவள் நிற்கத் தொடங்கினாள். மாஸ்டர் அந்தச் சன்னலைக் காற்று வருகிறதென்று சொல்லி மூடிவைத்தார். பிள்ளைகள் மூச்சு முட்டுகிறது என்றதும் திறந்தார்.

காலம் போனது. செம்பட்டை மீசைத் துரை கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்டார். புதுத் துரை மீசை இல்லாதவர், ஜீப்பில் போகிறவர். அம்பலவாணர் சுண்ணாம்பு வாளியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"மாஸ்டர், சூரியனுக்கு மீசையை எடும். மோட்டார் சைக்கிளை ஜீப்பாக்கும். புதுத் துரை வெள்ளிக்கிழமை வாறார்."

மாஸ்டர் நாற்காலியைப் பலகைக்குப் பக்கத்தில் போட்டு ஏறினார். அந்தக் காலத்தில் நிலாவாக விழுந்து எழும்பிய ராக்காயி இப்போது மூன்றாம் வகுப்பு. அவள் எழுந்து நின்றாள்.

"சார், எங்க அக்கா சொல்லுது, சூரியன் ஓடாதாம். பூமிதான் சுத்துதாம். நீங்கதான் அதுக்குச் சொல்லிக் குடுத்தீங்களாம். நெசமா சார்?"

கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாஸ்டர் நாற்காலியின் மேல், கையில் தூரிகையோடு நின்றார். இவ்வளவு நாள் மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வியை இப்போது ஒரு பிள்ளை எழுந்து கேட்டுவிட்டது. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பத்தைக் கர்த்தர் யாருக்கும் கொடுக்க மாட்டார்.

"உங்க அக்கா பரீட்சையில தோத்தவ. அவ பேச்சைக் கேட்டா நீயும் கூடை தூக்க வேண்டியதுதான். உக்காரு" என்றார் மாஸ்டர்.

பிள்ளைகள் சிரித்தார்கள். "சரியாய்ச் சொன்னீர்" என்றார் கிளாக்கர்.

ராக்காயி உட்கார்ந்தாள். உட்காரும்போது மெதுவாகத் திரும்பி, பலகைக்கும் சூரியனுக்கும் மாஸ்டருக்கும் முதுகைக் காட்டி, சன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். வெளியே மூடுபனிக்குள் கொழுந்துக் கூடைகள் மலை ஏறிக்கொண்டிருந்தன.

இந்தப் பக்கம் திரும்பு என்று மாஸ்டர் சொல்லவில்லை. தூரிகையைச் சுண்ணாம்பில் தோய்த்து மீசையை அழிக்கத் தொடங்கினார். தொப்பியை அப்படியே விட்டுவிட்டார், புதுத் துரையும் தொப்பி போடுகிறவர்தான்.